மூக்குக்கண்ணாடி லென்ஸும் கருவேலம் பிசினும்

1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஐரோப்பிய ஒளிப்படக் கலைஞர்கள் நிலக்காட்சிகளை எடுத்து அச்சிட்ட முறையில், லென்ஸ் முதல் தாள் வரை என் கையாலேயே செய்து ஒரு படத்தை உருவாக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. சென்ற மார்கழியில் தொடங்கிய வேலை பங்குனியில் முடிந்தது. பதினொரு தாள்கள் வீணாயின. பன்னிரண்டாவது தாள் என் மேசைக்கு எதிரே சுவரில் இருக்கிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இந்த இயக்கத்தைப் பிக்டோரியலிசம் என்பார்கள். ஒளிப்படம் இயந்திரம் தரும் நகல் மட்டுமே என்ற பழிப்பை மறுத்து, ஓவியத்துக்கும் செதுக்கு அச்சுக்கும் நிகரான கலைப்பொருளாக அதை நிறுத்த முயன்றவர்கள் இவர்கள். இவர்களுடைய நிலக்காட்சிகளில் விளிம்புகள் கரைந்திருக்கும், தொலைவு மங்கியிருக்கும், நீரின் மீது படும் ஒளி தன் எல்லையைத் தாண்டிக் கசிந்திருக்கும். அந்த மென்மை போகஸ் தவறிய படத்தில் வரும் மங்கல் அன்று என்பதைப் படித்து அறிந்திருந்தேன். ஆனால் என் கையில் இரண்டும் வெவ்வேறாக வந்த பிறகே அந்த வேறுபாடு எனக்கு உண்மையாகப் புரிந்தது.

முதலில் ஊசித்துளையை முயன்றேன். 1890இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் டேவிசன் லென்ஸே இல்லாமல் ஊசித்துளையால் எடுத்த வெங்காய வயல் படம் அக்காலத்தில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இன்றும் மென்மையான நிலக்காட்சிக்கு அதையே முதல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். டிஜிட்டல் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயை மூடும் பாடி கேப்பில் துளையிட்டு, 0.45 மில்லிமீட்டர் துளை கொண்ட மெல்லிய பித்தளைத் தகட்டை ஒட்டி, படம் பதியும் சென்சாருக்கு 100 மில்லிமீட்டர் தொலைவில் நிறுத்தினேன். கண்மாய்க் கரையில் எடுத்துப் பார்த்த படத்தில் வானம், பனை, கோரை எல்லாம் ஒரே அளவுக்கு மங்கியிருந்தன. இந்தக் குறைக்குக் காரணம் அளவு வேறுபாடு. டேவிசன் பயன்படுத்திய, படம் பதியும் கண்ணாடித் தட்டு பெரியது. அரை மில்லிமீட்டர் மங்கல் பெரிய தட்டில் மென்மையாகத் தெரியும், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் உருவத்தையே தின்றுவிடும். எனவே ஊசித்துளையை விட்டுவிட்டு ஒற்றை லென்ஸுக்கு மாறினேன்.

ஒற்றை லென்ஸ் என்பது திருத்தம் ஏதும் செய்யப்படாத ஒரே ஒரு கண்ணாடித் துண்டு. வியன்னாவில் ஹான்ஸ் வாட்செக், ஹுகோ ஹென்னபெர்க், ஹைன்ரிச் க்யூன் ஆகிய மூவரும் சேர்ந்து இயங்கினார்கள். அவர்களில் வாட்செக் இத்தகைய லென்ஸை விரும்பிப் பயன்படுத்தினார். பிரான்சில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த கான்ஸ்டன்ட் புயோ, இதே குறைகளைத் திட்டமிட்டு வைத்திருக்கும் லென்ஸ்களைப் பற்றி 1906இல் நூலே எழுதினார். பாஸ்டனில் பிங்கம் அண்ட் ஸ்மித் என்ற கடை கலைஞர்களுக்காக மென்மையான லென்ஸ்களைச் செய்து விற்றது. அந்த லென்ஸ்களின் இன்றைய விலை என் எட்டாக் கனி. ஆகவே கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

பிளஸ் பத்து பவரில், 65 மில்லிமீட்டர் விட்டத்தில், சட்டத்துக்கு வெட்டாத முழு லென்ஸ் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு சார்? கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு அந்தக் காலத்துல போடுற பவர் ஆச்சே இது. இப்பதான் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வச்சிடுறாங்களே" என்றார். என் பாட்டி அணிந்திருந்த, கண்களை இரண்டு மடங்காகக் காட்டும் தடித்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. காரணத்தைச் சொன்னதும் அவர் ஆர்வத்தோடு வரவழைத்துக் கொடுத்தார். பவர் பத்து என்றால் குவியத் தூரம் 1000ஐப் பத்தால் வகுத்தது, அதாவது 100 மில்லிமீட்டர்.

இரண்டு அங்குல பி.வி.சி. குழாயின் ஒரு முனையைப் பாடி கேப்பில் ஒட்டினேன். அதன் மேல் வழுக்கிச் செல்லும்படி தடித்த அட்டையால் இன்னொரு குழாய் செய்து, அதன் முனையில் லென்ஸைப் பொருத்தினேன். அட்டைக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் போகஸ் செய்யும் வழி. குழாய்களின் உட்புறத்தில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டுவது கட்டாயம். நான் முதலில் கறுப்புப் பெயின்ட் மட்டும் அடித்தேன், பி.வி.சி.யின் வழவழப்பில் ஒளி தெறித்துப் படம் முழுவதும் வெளிறிப் போயிற்று. அந்த வெளிறலை லென்ஸின் மென்மை என்று எண்ணி ஒரு வாரம் ஏமாந்திருந்தேன்.

லென்ஸை எந்தப் பக்கமாக வைப்பது என்பதிலும் தவறினேன். மூக்குக்கண்ணாடியில் இருப்பது போலவே குவிந்த பக்கம் வெளியே பார்க்க வைத்தபோது, நடுப்பகுதி ஓரளவு தெளிவாகவும், ஓரங்களில் உள்ள பனைகள் வால்நட்சத்திரம் போல இழுபட்டும் வந்தன. 1812இலேயே வொலாஸ்டன் என்ற ஆங்கில அறிவியலாளர், குழிந்த பக்கத்தைக் காட்சியை நோக்கித் திருப்பி, அதற்குச் சற்று முன்னால் துளையிட்ட தடுப்பை நிறுத்தினால் படப்பரப்பு சமன்படும் என்று கண்டறிந்திருந்தார். அவ்வாறே லென்ஸைத் திருப்பி, 18 மில்லிமீட்டர் முன்னால் கறுப்பு அட்டைத் தடுப்பை வைத்ததும் ஓரங்கள் அடங்கின. நடுப்பகுதி சற்று மென்மையானது. மொத்தப் படமும் ஒரே இயல்புக்கு வந்தது.

இந்த வேலையின் உயிர் அந்தத் தடுப்பின் துளையில் இருக்கிறது. லென்ஸின் ஓரத்தின் வழியாக வரும் கதிர்கள் நடுவின் வழியாக வரும் கதிர்களை விட முன்பே கூடிவிடுகின்றன. இதனால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் கூர்மையான கருவாகவும் அதைச் சுற்றிய மெல்லிய ஒளிவட்டமாகவும் பதிகிறது. கூர்மையான படம் ஒன்றும் மங்கலான படம் ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது போன்றது இது. போகஸ் தவறிய படத்தில் அந்தக் கரு இருப்பதில்லை. ஒளிவட்டத்தின் அளவு துளை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், துளையில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம்கூடக் கண்ணுக்குத் தெரியும். 25 மில்லிமீட்டர் துளையில் கோரைப்புல் பஞ்சாகிவிட்டது, 12.5 மில்லிமீட்டரில், அதாவது குவியத் தூரத்தில் எட்டில் ஒரு பங்கான எஃப் 8இல், மட்டமான சாதாரண லென்ஸ் ஒன்றின் படம் போல இருந்தது. பல அட்டைகளை வெட்டிப் பார்த்து 18 மில்லிமீட்டரில் நின்றேன். துளையை மாற்றினால் போகஸ் இடமும் நகர்ந்துவிடும் என்பதால், எந்தத் துளையில் படம் எடுக்கப் போகிறோமோ அந்தத் துளையிலேயே போகஸ் செய்ய வேண்டும்.

இங்கே பீட்டர் ஹென்றி எமர்சனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவம் படித்த இவர், இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலங்களில் கோரை அறுப்பவர்களையும் படகோட்டிகளையும் ஓவியர் குடாலுடன் சேர்ந்து பதிவு செய்து, 1886இல் 40 பிளாட்டினம் அச்சுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். மனிதக் கண் தான் உற்று நோக்கும் சிறிய பகுதியை மட்டுமே தெளிவாகக் காண்கிறது என்னும் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உடலியல் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, முதன்மைப் பொருள் ஓரளவு தெளிவாகவும் மற்றவை மிகச் சிறிதளவே மென்மையாகவும் இருக்க வேண்டும் என்று 1889இல் வாதிட்டார். மென்மை ஒரு பொருளின் கட்டமைப்பை அழிக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்று அவர் அப்போதே எச்சரித்தார். பிறகு, தட்டில் படும் ஒளிக்கும் அதில் வரும் கறுப்புக்கும் உள்ள தொடர்பை அளந்து ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890இல் வெளியிட்ட அளவீடுகளைக் கண்டு, ஒளிப்படத்தின் நிறச்செறிவைக் கலைஞன் விருப்பப்படி ஆள முடியாது என்று எண்ணித் தன் கொள்கையையே கறுப்புக் கரையிட்ட துண்டறிக்கை மூலம் கைவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து டேவிசனும் மற்றவர்களும் மேலே சென்றார்கள். கோட்பாட்டில் எமர்சன் பின்வாங்கியது எனக்கு வருத்தமே. ஆயினும் கட்டமைப்பைப் பற்றி அவர் சொன்ன வரம்பு 18 மில்லிமீட்டர் துளையைத் தேர்ந்தபோது எனக்கு அளவுகோலாக இருந்தது: பனையின் தண்டு தண்டாகத் தெரிய வேண்டும், மட்டையின் நுனிகள் கரையலாம்.

அடுத்த சிக்கல் நிறம். அக்காலத் தட்டுகள் பெரும்பாலும் நீலத்தையும், சில வகைகள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. காற்றில் மிதக்கும் மங்கல் நீல ஒளியில் மிகுதியாகத் தெரிவதால், தொலைவு வெளிறிப் பின்வாங்கும் அந்தப் பழைய படங்களின் ஆழத்துக்குத் தட்டின் இயல்பும் ஒரு காரணம். ஆகவே டிஜிட்டல் படத்தின் நீல வண்ணத்தை மட்டும் பிரித்து எடுத்தேன். தொலைவு அழகாகப் பின்வாங்கியது. ஆனால் அருகில் இருந்த கோரை முழுவதும் போகஸ் தவறியிருந்தது. திருத்தப்படாத லென்ஸில் நீல ஒளி மற்ற நிறங்களை விட முன்னால் குவிகிறது என்பதே காரணம். ஒரு பொருள் ஒளியை நிறங்களாகப் பிரிப்பது எவ்வளவு குறைவு என்று காட்டுவது ஆபே எண்; மூக்குக்கண்ணாடிப் பிளாஸ்டிக்குக்கு அது 58. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால், 100 மில்லிமீட்டர் லென்ஸில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் விலகல் வரும். அன்றைய கலைஞர்களும் கண்ணால் போகஸ் செய்த பிறகு, குவியத் தூரத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு லென்ஸுக்கும் தட்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். திரையில் நான் பார்ப்பது பெரும்பாலும் பச்சை ஒளியின் போகஸ் என்பதால், எனக்கு ஒரு மில்லிமீட்டர் போதுமாக இருந்தது. அட்டைக் குழாயில் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டு, ஒன்றில் போகஸ் செய்து மற்றொன்றுக்குத் தள்ளிக்கொண்டேன்.

படம் எடுக்க ஒன்பது விடியற்காலைகள் ஆயின. பனி அடர்ந்த நாட்கள்தான் பொருத்தமானவை என்று நம்பி, முதல் நான்கு நாட்களை வீணாக்கினேன். எல்லாம் ஏற்கனவே சாம்பல் நிறமாக இருக்கும்போது இந்த லென்ஸுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. ஒளிவட்டம் தோன்றுவதற்கு இருளின் பக்கத்தில் வெளிச்சம் வேண்டும். ஆறாம் நாள், பனி விலகத் தொடங்கி, சூரியன் கரைக்குப் பின்னால் ஒரு முழ உயரம் ஏறியபோது, பனைகளின் கறுப்புத் தண்டுகளுக்கு இடையே நீர் மின்னியது. அந்த மின்னல் தண்டுகளின் ஓரத்தைச் சற்றே தின்றது. நான் தேடி வந்தது அதுதான். ஒன்பதாம் நாள் அதே ஒளியில் ஒரு நாரையும் நீரில் வந்து நின்றது.

இனி அச்சு. தேர்ந்தெடுத்த முறை கம் பைக்குரோமேட். பிசினில் வண்ணத்தையும் டைக்குரோமேட்டையும் கலந்து தாளில் பூசினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் நீரில் கரைந்து போகும். இதன் அடிப்படையை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அறிந்திருந்தாலும், 1894க்குப் பிறகு பாரிஸில் ரொபேர் தெமாஷி முதலியவர்கள் கையாண்ட பின்னரே அது கலைஞர்களின் முறையானது. பிசின் வேல மரத்தினுடையது. உலகச் சந்தையில் உயர்ந்ததாகக் கருதப்படுவது சூடான் நாட்டின் கோர்தோஃபான் பகுதியிலிருந்து வருவது. நமது கருவேல மரத்தின் பிசினும் அதற்கு நெருங்கிய உறவுதான். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி, பட்டைத் துணுக்குகளைப் பொறுக்கி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் முடிந்து, 100 மில்லி நீருக்கு 35 கிராம் வீதம் இரண்டு நாள் தொங்கவிட்டேன். கரைசல் தேன் நிறத்தில் வந்தது. வெளிர் வண்ணங்களுக்கு அது ஒத்துவராது. நான் எண்ணியிருந்த கறுப்புக்கும் பழுப்புக்கும் தடையாக இல்லை. கெடாமல் இருக்கச் சில துளி கிராம்பு எண்ணெய் சேர்த்தேன்.

பொட்டாசியம் டைக்குரோமேட் ஆபத்தான பொருள். அதில் உள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும், தோலைப் புண்ணாக்கும். தூளை நிறுக்கும்போது முகக்கவசமும், தொடக்கம் முதல் இறுதி வரை கையுறையும் வேண்டும். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்குத் தொடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய பெட்டி வேண்டும். கழுவிய முதல் நீரை வாளியில் சேர்த்து, வைட்டமின் சி தூளைக் கலந்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். குரோமியம் நச்சுக் குறைந்த வடிவத்துக்கு வந்ததன் அடையாளம் அது. அதையும் சாக்கடையில் ஊற்றாமல், வேதியியல் ஆய்வகம் நடத்தும் நண்பரிடம் ஒப்படைத்தேன்.

10 சதவீத டைக்குரோமேட் கரைசலும் பிசினும் சம அளவு, வாட்டர்கலர் குழாய் வண்ணம் சிறிதளவு. இதுதான் கலவை. 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளில் அதை நேரே பூசிய முதல் இரண்டு முயற்சிகளிலும் வண்ணம் தாளின் நாருக்குள் இறங்கி, வானம் அழுக்குப் பழுப்பாக நின்றது. தாளை முதலில் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துச் சுருங்கவிட்டு, காய்ந்ததும் 3 சதவீத ஜெலட்டினைப் பூசி, குரோம் படிகாரத்தால் இறுக்கிய பிறகு அந்தக் கறை வரவில்லை. மூன்றாவது தோல்வி என் அவசரத்தால் வந்தது. இரவில் பூசிய தாளைக் காலையில் வெயிலுக்கு வைக்கலாம் என்று இருட்டில் விட்டுவைத்தேன். பூச்சு ஒளி படாமலேயே தானாக இறுகும் இயல்பு உடையது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது விரைவுபடும். மறுநாள் எவ்வளவு நேரம் நீரில் மிதக்கவிட்டும் அந்தத் தாளிலிருந்து ஒரு துளி வண்ணமும் இறங்கவில்லை. அதன் பிறகு மின்விசிறியின் கீழ் காயவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெயிலுக்கு வைத்துவிடுவேன்.

நெகட்டிவ் தாளுக்குச் சமமான அளவில் இருக்க வேண்டும். நீலப் படத்தைத் தலைகீழ் நிறமாக்கி, எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒளி ஊடுருவும் ஓ.எச்.பி. பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட் பிரின்டரில் அச்சிட்டேன். பிசின் ஒரு பூச்சில் தாங்கும் நிறச்செறிவு மிகக் குறைவு என்பதால், ஒரே அடுக்கில் முழுப் படம் வராது. வியன்னா மூவரின் பெரிய பங்களிப்பு இதற்கான தீர்வுதான்: ஒரே தாளின் மேல் பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு வண்ணமும் வெவ்வேறு நேரமும் கொடுத்துப் படத்தைக் கட்டி எழுப்பினார்கள். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸ்டைக்கன் 1904இல் எடுத்த நியூயார்க் ஃபிளாட்டைரன் கட்டடப் படத்தில், பிளாட்டினம் அச்சின் மேல் பிசின் அடுக்குகளைச் சேர்த்து அந்தி நிறங்களை வரவழைத்ததும் இதே வழியில்தான்.

என் முதல் அடுக்கு நீர்த்த பழுப்பு. முற்பகல் 11 மணி வெயிலில் ஐந்து நிமிடம். வெளிச்சப் பகுதிகளின் மெல்லிய மாற்றங்களை அது தாங்குகிறது. இரண்டாவது நடுத்தரக் கறுப்பில் சிறிது பிரஷ்யன் நீலம்; மூன்று நிமிடம். மூன்றாவது அடர்ந்த கறுப்பு, ஒன்றரை நிமிடம். அது பனைத் தண்டுகளிலும் கரையின் நிழலிலும் மட்டுமே நிற்கும். ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் தாளைக் குப்புற நீரில் மிதக்கவிட்டு, நாற்பது நிமிடம் கையை வைக்காமல் இருக்க வேண்டும். வண்ணம் புகைபோல நீர்த்தொட்டியின் அடிக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்காகவே இந்த முறையை மீண்டும் செய்வேன். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ, தாளிலும் நெகட்டிவிலும் ஒரே இடத்தில் துளைகளிட்டு ஊசிகளில் மாட்டினேன். ஒரு தாளில் ஒரு மில்லிமீட்டர் பிசகியது. மென்மையான படம் என்பதால் மன்னிக்கும் என்று நினைத்தேன், ஆனால் ஒவ்வொரு பனைக்கும் இரண்டு தண்டுகள் முளைத்திருந்தன.

ஈரமாக இருக்கும்போது தூரிகையால் வண்ணத்தை நீக்க இந்த முறை இடம் தருகிறது. தெமாஷி இதைத் துணிந்து செய்தார். அவருடைய பல அச்சுகளில் தூரிகையின் கோடுகளே முதலில் கண்ணில் படுகின்றன. ஏழாவது தாளில் நானும் நீரின் மினுக்கத்தைத் தூரிகையால் கூட்டிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் பளிச்சென்று தனித்து நின்றது. லென்ஸ் வரைந்த ஒளியும் என் கை வரைந்த ஒளியும் ஒரே தாளில் ஒட்டவில்லை. க்யூனின் அச்சுகளில் கை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை, அந்த அடக்கமே எனக்கு உகந்தது. பிறகு நீரை மெதுவாக ஊற்றுவதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

கடைசித் தாளை ஒரு சதவீத மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்தபோது மிச்சமிருந்த மஞ்சள் கறை போய், தாளின் வெண்மை திரும்பியது. காய்ந்த பிறகு பனைகளின் தண்டுகள் உறுதியாக நின்றன. கரைக்கு அப்பால் உள்ள தோப்பு வெறும் சாம்பல் கீற்றாகிவிட்டது. நீரில் விழுந்த ஒளி தண்டுகளின் ஓரத்தைத் தொட்டுக் கசிந்திருந்தது. நாரையின் உடலும் கழுத்தும் இருக்கின்றன, கால்கள் மட்டும் ஒளியில் கரைந்துவிட்டன. அடுத்த அச்சுக்கு நெகட்டிவை மாற்றிப் பயனில்லை. கால்கள் லென்ஸிலேயே தொலைந்துவிட்டன. 16 மில்லிமீட்டரில் ஒரு தடுப்பை வெட்டி வைத்திருக்கிறேன். வரும் மார்கழியில் கண்மாயில் நீர் இருந்தால் அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்க வேண்டும்.